மூத்தவர் வரும்வரை

புதருக்குள் கறுப்பாகத் தெரிந்தது முதுகா, தோளா என்று ஸவ்ரோவால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிம்பா மலையின் மூடுபனி அப்படி.

கம்பிக் கண்ணி மட்டும் தெரிந்தது. அது விறைத்தது, தளர்ந்தது, மறுபடி விறைத்தது. கூடவே ஒரு கரகரத்த முனகல்.

சிம்பன்சி.

ஸவ்ரோ சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் குடிக்குச் சிம்பன்சிதான் முன்னோர். அடிபட்டுக் கிடக்கும் முன்னோரிடம் குடியின் மூத்தவர் வந்து பொறுத்தருளக் கேட்கவேண்டும். அதுவரை யாரும் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது.

அன்று காலை மேலே எல்லைக்கல்லருகே காத்திருந்து பார்த்தும் உலாயைக் காணோம். ஸவ்ரோவைப் போலவே வனக்காவலன், பக்கத்து நாட்டுக்காரன். திங்கள்தோறும் இருவரும் அங்கே சந்தித்து, கண்ணிகளை அறுத்துக்கொண்டே இறங்குவார்கள்.

"மச்சான், உன் தாத்தன் நேத்து எங்க ஊர் வாழைத்தாரைத் தூக்கிட்டுப் போயிட்டான். நீ கேக்கமாட்டியா?" இப்படித்தான் பேச்சையே தொடங்குவான்.

முறை தெரியாதவன். இருந்திருந்தால் நேரே போய்த் தொட்டிருப்பான். அவன் வராததும் நல்லதுக்கே என்று நினைத்தபடி ஸவ்ரோ ஓடினான்.

இறங்க ஒன்றரை மணி நேரம். மூத்தவர் ஸோகோவைக் கூட்டிக்கொண்டு ஏற மூன்று மணி நேரம்.

முனகல் நின்றிருந்தது. கம்பி அசையவில்லை.

தரையைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். பொறுத்தருளக் கேட்கும்போது படைக்கும் வெள்ளைக் கோலாக் கொட்டைகளை ஸோகோ உள்ளங்கையில் ஏந்தினார்.

"பெரியவரே, காவலுக்கு ஆள் வச்சும் காக்கத் தவறிட்டோம். பொறுத்துக்கணும்."

புதருக்குள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது.

"பொறுத்துக்கிட்டேன். வந்து கம்பிய வெட்டு மச்சான்."

கோலாக் கொட்டைகள் உருண்டோடின. ஸோகோ அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மலையில் ஸவ்ரோவை மச்சான் என்று அழைப்பவன் ஒருவன்தான்.

கறுப்பு மழைக்கோட்டு. விடியலிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது.

உலாயின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது தனநே நகரில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஸோகோ அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். கண்ணி வைத்தவன் கடைசிவரை அகப்படவில்லை. ஸவ்ரோவின் வேலை போகவில்லை. உச்சிப்பொழுதுவரை அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை என்று விசாரணையில் உலாய் எழுதிக் கொடுத்திருந்தான்.

பனி ஒரு கணம் விலகியதையும், ஸவ்ரோ வந்து நின்று, தன்னைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியதையும் அவன் ஸவ்ரோவிடம் மட்டும் சொன்னான். ஒரே ஒரு முறை.