ஒரு ஆள் மூட்டை

முதல் மூட்டையைத் தூக்கியதும் சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கை பழைய கனத்துக்குத் தயாராக இருந்தது. இழுத்த இழுப்பில் மூட்டை எகிறி நெஞ்சில் மோதியது. முகமெல்லாம் மாவு.

கிடங்கில் எல்லோரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள். ஒருவர் தூக்க முடிகிற கனத்துக்கு மேல் இனி எந்த மாவு மூட்டையும் இருக்கக் கூடாது. நேற்றுவரை ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு லாரிக்குள் வீசிய பூத மூட்டைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"தலைக்கு வெச்சுத் தூங்கலாம் போலிருக்கே!" என்றான் ஒருவன்.

சின்னவன் அதை மாமாவிடம் சொல்லத் திரும்பினான். பக்கத்தில் யாரும் இல்லை.

மாமா என்றால் அக்கா புருஷன். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே அவர்தான். அன்றிலிருந்து மூட்டையின் அந்த முனை அவருடையது, இந்த முனை இவனுடையது. இடுப்பில் டிஸ்க் நழுவிய பிறகும், வலிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தவறாமல் வந்து நிற்பார்.

மேற்பார்வையாளர் டீ டம்ளரோடு வந்தார்.

"மாமாவைத் தேடுறியா? இத்தனூண்டு மூட்டைக்கு ரெண்டு ஆள் எதுக்குப்பா? ஜோடிக்கு ஒருத்தர் போதும்னு மேல சொல்லிட்டாங்க. முதுகு நல்லா இருக்கிறவங்களை மட்டும் வெச்சுக்கிட்டோம்."

இன்று மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

சிரிப்பு அடங்கியது. அப்போதுதான் ஆளாளுக்குச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கிடங்கில் பாதிப் பேர் இல்லை.

மூட்டைதான் சின்னதாகியிருந்தது. லாரி சின்னதாகவில்லை.

குனி, தூக்கு, திரும்பு, போடு. மறுபடி குனி. முன்பெல்லாம் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவில் மாமா யாரையாவது கிண்டல் செய்வார். அந்தச் சிரிப்பில் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். இப்போது நிமிர நேரமும் இல்லை, சிரிக்க ஆளும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் இடுப்பின் இடது பக்கம் சுண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தான். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா நின்றிருந்தார்.

காலையில் காவல்காரர் திருப்பி அனுப்பியவர், வீட்டுக்குப் போகவே இல்லை. சட்டம் வருகிற நாள் என்று துவைத்த சட்டை போட்டிருந்தார். கையில் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு. திறக்காமல் வைத்திருந்தார்.

"மாப்ள, லேசா இருக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சின்னவன் இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டான்.

"பஞ்சு மாதிரி இருக்கு மாமா."

மாமா தலையாட்டினார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

அது எதற்கு என்று சின்னவனுக்குத் தெரியும். சட்டம் எழுதுவதற்கு முன்னால் அதிகாரிகள் கிடங்குக்கே வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா மட்டும்தான் முன்னால் போய், சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரே ஒரு ஆள் தூக்குற மாதிரி பண்ணிக் குடுங்கய்யா. அது போதும்" என்றார்.

அவர் கேட்டதை அப்படியே செய்து கொடுத்துவிட்டார்கள்.