பேருந்து நிறுத்தக் காட்சி

அது ஒரு கிரைம் திரில்லர். நீல வெளிச்சத்தில், மழையில், கொலைகாரன் தெருவைக் கடக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நிற்பவர் அவளுடைய கணவர். துணை நடிகர். படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். அவரைப் பார்ப்பதற்காகவே நாத்தனாரோடு ஐந்தாவது முறையாகப் பகல் காட்சிக்கு வந்திருந்தாள்.

“என்னமா எடுத்திருக்காங்க அண்ணி! ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்குது,” என்றாள் நாத்தனார்.

பேருந்து வந்து போன பிறகும் அவர் அங்கேயே நிற்பார். நான்கு முறையும் அப்படித்தான் நின்றார். இன்று பேருந்து நகர்ந்ததும் நிறுத்தம் காலியாக இருந்தது.

“அண்ணன் எங்க அண்ணி?”

“பஸ் ஏறிட்டாரு.”

இருவரும் படத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். மறுநாள் அவள் தியேட்டருக்குப் போகவில்லை. கதவைத் தாழிடாமல் சாத்தி வைத்துவிட்டு, இரண்டு பேருக்குச் சமைத்தாள்.