உள்ளே ஆள் இல்லை

ஒன்பது நாளா, பதினொன்றா என்பது இப்போது நிச்சயமாக நினைவில்லை. பூட்டு சிவப்பு நிறம். அதில் சந்தேகமில்லை.

"சாவியை எடும்மா. அங்க கலவை கொதிச்சுக்கிட்டு நிக்குது," என்றார் சூப்பர்வைசர்.

சோப்புத் தொழிற்சாலையின் பெரிய கலவைத் தொட்டி அது. இரண்டு ஆள் உயரம். உள்ளே, சுற்றத் தொடங்கினால் எலும்பைக்கூட மிச்சம் வைக்காத இரும்புத் துடுப்புகள். அவற்றில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்ட இறங்குகிறவர், கீழே இருக்கும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. அவரே வெளியே வந்து திறக்கும்வரை வேறு கை படக்கூடாது.

இப்போது தொங்கியது அவள் கணவரின் பூட்டு.

ஒவ்வொரு பூட்டுக்கும் இன்னொரு சாவி உண்டு. அது அலுவலகப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் அதை அவளிடம் கொடுத்துவிட்டார், வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. விதிக்கு விரோதம்தான். ஆனால் தொழிற்சாலை முழுக்கத் தெரியும். "அண்ணன் உசிரு அக்கா முந்தானையிலதான் முடிஞ்சு கெடக்கு" என்று கேலி செய்வார்கள்.

"கேன்டீன் பக்கம் அவரைப் பார்த்தாங்களாம். பூட்டை எடுக்க மறந்திருப்பாரு. உள்ள பாரு, வெளிச்சம்கூட இல்ல."

தொட்டியின் வாயருகே காவலுக்கு நின்றவரை அரை மணி முன்பு வேறு வேலைக்கு அனுப்பியதும் இதே சூப்பர்வைசர்தான். பக்கத்துக் கொப்பரையில் கலவை தயார். இன்னும் பத்து நிமிடத்தில் குழாயிலேயே உறைந்துவிடும்.

அவள் தொட்டியின் அடியில் இருந்த சின்னத் திறப்பில் வாயை வைத்தாள்.

"என்னங்க..."

பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டாள்.

"உள்ள இருந்தா வாயைத் தொறக்க மாட்டாரா?"

மாட்டார். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

தொட்டியை ஓட்டும் கன்ட்ரோல் இருக்கைக்கு இருவரும்தான் மனுப் போட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது. அவள் பொத்தானை அழுத்தும் தொட்டிக்குள் அவர் இறங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, அந்த ஒன்பதோ பதினொன்றோ நாளும், அவர் அவளிடம் பேசவில்லை. எதிரே அவள் உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம் சொல்வார்: "உப்பு பத்தலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." காலையில் ஒரே வண்டியில்தான் வேலைக்கு வருவார்கள். வழி முழுக்க இஞ்சின்தான் பேசும்.

வாசலைத் தாண்டாத சங்கதி. சுற்றிலும் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். சொல்லிவிட்டால் பிறகு எத்தனை வாயை மூட முடியும்?

"சார்... அவரு என்கிட்ட பேசுறதில்ல சார்."

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. குனிந்து தானே கூப்பிட்டார், பெயர் சொல்லி, இரண்டு முறை. ஸ்பேனரால் தட்டினார். இரும்பு அதிர்ந்து அடங்கியது.

"போதுமா? என்கிட்டயும் கோவமா அவருக்கு?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

சாவி பூட்டுக்குள் போயிருந்தது. அவள் விரல்கள்தான் கொண்டுபோயிருந்தன. திருப்புவது ஒன்றுதான் பாக்கி.

அவள் திருப்பவில்லை.

இருட்டில் முதுகு காட்டிப் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, விழித்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறாரா என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஆள் இல்லாத மௌனம் வேறு. ஆள் இருக்கிற மௌனம் வேறு. பின்னதற்குக் கனம் உண்டு. திறப்பு வழியாக அந்தக் கனம் அவள் கன்னத்தில் பட்டது.

சாவியை உருவினாள். தன் பூட்டையும் அவர் பூட்டின் பக்கத்தில் மாட்டி அழுத்தினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே சூப்பர்வைசர் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார் என்பது கேட்கவில்லை.

டார்ச் வெளிச்சம் துடுப்புகளைத் தாண்டி அடிக்குப் போயிற்று.

அவர் இருந்தார்.

காயமில்லை. மயக்கமில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சுரண்டியை மடியில் வைத்திருந்தார். கீழ்த் திறப்பு அவர் காதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தலைவிளக்கை அணைத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"நீ தொறந்துருவேன்னுதான் நெனச்சேன்," என்றார்.

அத்தனை நாளுக்குப் பின் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

அவள் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மயங்கிக் கெடக்குறாரு. தூக்க ஆள் வாங்க!"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. உறைந்த குழாயை வெட்டித்தான் எடுத்தார்கள். சூப்பர்வைசர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். போகும்போது அவள் முன் வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவளுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. பின்னாளில் மகள் அதே தொழிற்சாலையில் வேலைக்குக் கேட்டபோது அவள் விடவில்லை.

அது நடந்த அடுத்த மாதமே அவள் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பேக்கிங் பிரிவுக்கு, வேறு ஷிப்டுக்குப் போய்விட்டாள். கன்ட்ரோல் இருக்கை அவருக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை பதினான்கு வருடம் அதில் உட்கார்ந்திருந்தார்.