வெள்ளைக் கம்பம்

"மின்னொளி ஆயிரத்து இருநூறு மீட்டர் குதிரைதான். அதுக்கு மேல மூச்சு தாங்காது." பயிற்சியாளர் இஸ்மத் பாய் சொன்னால் அந்த மைதானத்தில் மறுபேச்சு கிடையாது. முதலாளி தணிகாசலம் மட்டும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு மீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "தோத்தா வித்துடலாம் பாய்" என்றார்.

பந்தயத்தன்று பாய் கடைசி வளைவில், வெள்ளைக் கம்பத்தருகே போய் நின்றுகொண்டார். தினமும் காலையில் அவர் நிற்கும் இடம் அது. ஆயிரத்து இருநூறு மீட்டர் பயிற்சி ஓட்டம் அங்கேதான் முடியும். ஸ்டாப்வாட்சை நிறுத்தியதும் வெல்லத்துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். இன்று மின்னொளியின் மூச்சு எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

இரண்டாயிரம் மீட்டர் ஓடி, எல்லாக் குதிரைகளுக்கும் முன்னால் அது தனியாக வந்தது. அவரைக் கண்டதும் காதுகளை நிமிர்த்தியது. ஜாக்கி சவரிமுத்து சாட்டையை வீசியும் கேளாமல் வேகத்தைக் குறைத்து வேலியோரம் ஒதுங்கியது. மற்றக் குதிரைகள் புழுதி கிளப்பிக் கடந்துபோயின. மின்னொளி மெல்லத் திரும்பி நடந்து வந்து அவர்முன் நின்றது.

பாய் அதன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். தினமும் காலையில் வாங்கும் மூச்சுக்குமேல் ஒரு மூச்சு கூட இல்லை.

தணிகாசலம் இரைக்க இரைக்க ஓடிவந்தார். "நீங்க சொன்னதுதான் சரி பாய். இதுக்குத் தம் பத்தல."

பாயின் மூடிய கையை மின்னொளி மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தது.