இரண்டாவது பிஸ்கட்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஹிஸ்கே காபி ஊற்றினாள். மகள் ரிக்ஸ்ட் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து, உடனே மூடினாள். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் காபிக்கு ஒரு பிஸ்கட்தான். மூடிய டப்பாவை மறுபடி திறந்து இரண்டாவதை எடுத்தவன் அவள் தம்பி சிப்ரன் மட்டும்தான்.

ஹிஸ்கேயின் போனில் செய்தி வந்தது. "அம்மா, நான் சிப்ரன். இது வேற நம்பர்."

போன ஜனவரியிலும் இதே எண்ணிலிருந்துதான் வந்தது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ஏரிக்கரைக்கு வந்து கூட்டிப் போ என்றிருந்தது. பிள்ளைகள் பெயரில் புது எண்ணிலிருந்து பணம் கேட்கும் ஆன்லைன் மோசடி பற்றி நூலகத்தில் நடந்த வகுப்புக்கு இருவரும் போய்வந்த வாரம் அது. சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்று வீட்டில் ஒரு கேள்விகூடப் பேசி வைத்திருந்தார்கள். அதைக் கேட்காமலே எண்ணை முடக்கினார்கள். "எங்கிட்டயா!" என்று ஹிஸ்கே சிரித்தாள். செய்தியில் பணமே கேட்கவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்த இடத்திலிருந்து சிப்ரனின் உடலை எடுத்தார்கள்.

அந்த எண் இன்னும் முடக்கத்தில்தான் இருந்தது.

"பேப்பர்ல படிச்சுட்டு எவனோ விளையாடுறான்மா. போனைக் கீழ வை."

"அந்தக் கேள்வியக் கேட்டுப் பாத்துடுறேன்."

"இப்ப கேட்டு என்னம்மா?"

காபிக்கு எத்தனை பிஸ்கட் என்று ஹிஸ்கே தட்டி அனுப்பினாள்.

"ஒண்ணுன்னுதான் போடுவான், பாரு," என்றாள் ரிக்ஸ்ட். "இந்த ஊர்ல எவனைக் கேட்டாலும் அதான் சொல்லுவான்."

போன் மேசையில் அதிர்ந்தது.

"ரெண்டு. இப்பவாவது வந்து கூட்டிட்டுப் போறியாம்மா?"