லேப் நிறையக் கம்ப்யூட்டர்

"தொடாதீங்க சார், அது பொம்மை இல்ல!" என்று கத்தினார் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறைத்தலைவர்.

மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர் காதிலேயே வாங்கவில்லை. லேப் மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணுலகூட நெட் கேபிள் சொருகல. பசங்க இதை வெச்சு என்னத்தக் கத்துப்பாங்க?"

"நேத்துதான் வந்து இறங்குச்சு. எல்லாம் புத்தம் புதுசு!"

"யார் காதுல பூ சுத்துறீங்க? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் லாரி ஏறிடும். அத்தனையும் வாடகை!"

துறைத்தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய் இருக்குன்னு என்ன வேணா பேசுவீங்களா? நீங்க கண்டீங்களா?"

"கண்டேன். இந்த மானிட்டர்ல கீறல் தெரியுதா? என் மோதிரம் பட்டது. போன வாரம் எங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்ததும் இதே சரக்குதான். ஊர்க்கோடியில இருக்கிற காலேஜ்ல நானும் கம்ப்யூட்டர் துறைத்தலைவர்தான்யா! அந்த லட்சணம் தெரிஞ்சுதான் என் பொண்ணுக்கு வேற இடம் தேடுறேன்."

துறைத்தலைவர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

இங்கத்திய லட்சணம் தெரிந்ததால், அவரும் மகனுக்கு வேறு இடம்தான் தேடியிருந்தார். போன வாரம் ஊர்க்கோடிக் கல்லூரிக்குப் போனவர், லேப் நிறையக் கம்ப்யூட்டரைப் பார்த்து அசந்துபோய், அன்றைக்கே அங்கே சேர்த்துவிட்டு வந்திருந்தார்.