பெண் பார்க்க வந்த நாள்

சங்கரபாண்டியின் ஊனமுற்றோர் உதவித்தொகையை அரசின் கண்காணிப்பு இயந்திரம் நிறுத்திவிட்டது. தசை வியாதிக்காரரான அவர் ஒருநாள் ஊன்றுகோலின்றி நிமிர்ந்து நடந்ததைத் தெருக்கேமரா பார்த்திருந்தது. மேல்முறையீட்டுக்கு அவரைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்து வந்தவன் மருமகன் முகிலன்.

"அன்று எப்படி நடந்தீர்கள்?" என்று அங்கிருந்த இயந்திரத்தின் திரை கேட்டது.

"வலி ஊசி போட்டுக்கிட்டேன்."

"காரணம்?"

அவர் முகிலனைப் பார்க்காமலே பேசினார். "அன்னைக்கு மாப்ள வீட்டுல இருந்து பொண்ணு பாக்க வந்திருந்தாக. என் வியாதி பொண்ணுக்கும் இருக்குமோன்னு பயந்துருவாகன்னு மறைச்சேன். கல்யாணத்துக்கப்புறம் கீழ விழுந்துதான் இப்படி ஆச்சுன்னு மாப்ளகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

"விளக்கம் ஏற்கப்பட்டது. உதவித்தொகை தொடரும்."

முகிலன் வாசலில் குனிந்து மாமனாருக்குச் செருப்பை மாட்டிவிட்டான். "பாத்து வாங்க மாமா" என்றான்.

அந்தக் கை தன் காலில் பட்டதும் சங்கரபாண்டிக்கு உடம்பெல்லாம் கூசியது.